எடைச்சீட்டின் பின்புறம்

மூன்றாம் அத்தியாயம் வரை அவளை
‘அவள்’ என்றே ஓட்டிவிட்டேன்.
இனி முடியாது.
பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கப் போகிறார்கள்.
தலைமையாசிரியை திட்டுவதற்காவது
ஒரு பெயர் வேண்டும்.

ஈரோட்டில், மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறேன்.
விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம்.
ஏலம் முடிந்தபின் மிஞ்சும் எடைச்சீட்டுகளின் முதுகில்
அவளுக்குப் பெயர் தேடுகிறேன்.
கை பட்ட இடமெல்லாம் மஞ்சள்.
எந்தப் பெயரை எழுதினாலும்
நலங்கு வைத்தது மாதிரி ஆகிவிடுகிறது.

வயது பதினாறு.
பவானி பேருந்து நிலையத்தில் இரண்டு ராத்திரி இருந்திருக்கிறாள்.
செல்போனைக் காலிங்கராயன் வாய்க்காலில் எறிந்தாள்,
பிறகு அதைத் தேடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள்.
மாட்டுக்குத் தட்டு அறுக்கும் அரிவாளால்
பாதி முடியை அறுத்துப் போட்டாள்.
ஏன் என்று எனக்கும் தெரியாது.
பெயர் வைத்தால் சொல்லுவாளோ என்னவோ.

காந்தள் என்று எழுதிப் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று
பந்தல் கம்பி கட்டி வளர்க்கிறார்களே, அதே பூ.
கிழங்கில் விஷம்.
கடைசி அத்தியாயத்தை அட்டையிலேயே அச்சடித்த மாதிரி.
அடித்தேன்.

பொன்காளி. குலசாமி பெயர்.
வைய நாக்குக் கூசுமென்று அவள் அப்பன்
“ஏ” என்று மட்டும் கூப்பிடுவான்.
அந்த ‘ஏ’ பிடித்திருந்தது, பெயர் பிடிக்கவில்லை.

கனிஷ்கா என்றால் அவள் வகுப்பிலேயே மூன்று பேர்.
அமைதி என்று பொருள்வரும் எதுவும் வேண்டாம்,
அது கிண்டல்.
நதிகளின் பெயரும் வேண்டாம்,
இங்கே பாதி நதியில் சாயத்தண்ணீர்.
யாழினியா? இவளா?
கதவை அறைந்து சாத்துகிறவள்.

எட்டிப் பார்த்த சென்னியப்பன் அண்ணன்
மூட்டையில் கொக்கியைக் குத்தியபடி கேட்டார்:
“ஏனுங்கக்கா, யாருக்குங் பொண்ணு பொறந்திருக்குது?”
பொறந்து பதினாறு வருசமாச்சுங்ணா என்றேன்.
“அப்ப இத்தன நாளா எப்படிங் கூப்புட்டாங்க?”

வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.
அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன்.
பதினோரு நாளாய்ப் பேச்சில்லை.
கதவுக்கு வெளியே வைத்த தட்டு
சில நாள் காலியாகத் திரும்பும்,
சில நாள் எறும்போடு.
கழிப்பறைக்குப் போகையில் மட்டும் பார்க்கிறேன்,
எப்போதும் இப்போதுதான் குளித்தவள்போல்
தலையில் துண்டு.

நேற்று ராத்திரி சீட்டுகளை
அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.
காலையில் எல்லாப் பெயரும் நீலப் பேனாவால் அடிபட்டிருந்தன,
நான் ஏற்கெனவே அடித்ததும் மறுபடி.
கீழே அவள் கையெழுத்து:

‘எதுக்குப் பேரு?
இருந்தா கூப்புட்டுட்டே இருப்பாங்க.’

அதற்கும் கீழே, சின்னதாய், அவசரமாய்:

‘அருவாள்ல முடி அப்பிடி வராது. பிச்சுக்கும்.
பிளேடுன்னு போடு.’

பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
துண்டு.
பதினோரு நாள்.
கதையென்று நான் எழுதியதில்
ஒரேயொரு தப்புதான் இருந்திருக்கிறது.

கதவருகில் போய் நின்றேன்.
பெயர் வாய் வரைக்கும் வந்தது.
விழுங்கிவிட்டு “அம்மிணி” என்றேன்.
டவுன் பஸ் கண்டக்டர்கூட எல்லாப் பெண்களையும்
அப்படித்தான் கூப்பிடுகிறார்,
அதில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை.

“அம்மிணி, பொறகால சமமா இருக்காது.
நா வெட்டி உடட்டுமா?”

உள்ளே கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது.
அதற்குப் பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு
கதவோரமாகவே உட்கார்ந்தேன்.
மண்டியிலிருந்து இரண்டு தரம் போன் வந்தது.

அன்று யார் கணக்கெழுதினார்களோ, தெரியாது.